ஓவியத்தை அதன் நிஜ அளவில் காட்டும் சட்டகம்: ஒரு பழைய மானிட்டரும் அருங்காட்சியகப் படங்களும்

பழைய 24 அங்குல மானிட்டரைச் சுவரில் மாட்டி, அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் ஓவியப் படங்களை அதில் ஒவ்வொன்றாக ஓடவிடும் வேலை ஒருவழியாக முடிந்தது. இதில் புதுமை எதுவும் இல்லை, பலரும் செய்வதுதான். நான் கூடுதலாக வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: படம் திரையை நிரப்பக் கூடாது. அசல் என்ன அளவோ அதே அளவில்தான் தெரிய வேண்டும். 38 செமீ அகலமுள்ள அச்சுப்படம் 38 செமீ அகலத்திலேயே தெரிய வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓவியம் என்றால் அந்த அளவில், சுற்றிலும் வெற்றுச் சுவர் நிறத்தோடு.

திரையிலேயே ஓவியம் பார்த்துப் பழகிவிட்டால் அளவு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' என்ற மர அச்சுப்படத்தை நூறு தடவை பார்த்தவர்கள்கூட அதை ஒரு பெரிய சுவரோவியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் உள்ள பிரதியின் அளவு 25.7 × 37.9 செமீ. விரித்து வைத்த வார இதழைவிடச் சின்னது. அந்த அளவில் அதைச் சுவரில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆரம்ப ஆசை.

இரண்டு நாள் வேலை என்று நினைத்து இறங்கினேன். படங்களை இறக்குவது உண்மையிலேயே சீக்கிரம் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் தின்றது 'அளவு' என்ற ஒரே ஒரு தகவல்தான்.

பிக்சலை அளப்பது

திரையில் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால்தான் எல்லாம் தொடங்கும். மானிட்டரே தன் அகலம், உயரத்தைக் கணினிக்குச் சொல்லும் வசதி உண்டு. அதை நம்பாதீர்கள். சில மானிட்டர்கள் சென்டிமீட்டருக்கு முழுமையாக்கிச் சொல்கின்றன. இன்னும் சில, 16:9 என்ற விகிதத்தையே அளவாக்கி 160 × 90 மிமீ என்று கூசாமல் சொல்லும்.

ஒரு இரும்பு ஸ்கேல் போதும். சாம்பல் பின்னணியில் சரியாக 1000 பிக்சல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு வரைந்து அளந்தேன். 291 மிமீ வந்தது. 1920 × 1080 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரைக்கு அது அதிகம், கணக்குப்படி 277க்குப் பக்கத்தில் வர வேண்டும். காரணம், எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்ததும் மானிட்டர் தன்னைத் தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு படத்தை ஐந்து சதவீதம் ஊதி, ஓரங்களை வெட்டிவிட்டது. மெனுவில் 'ஓவர்ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்த பிறகு கோடு 277 மிமீ. ஆக ஒரு பிக்சல் 0.277 மிமீ, முழுத்திரை சுமார் 53 × 30 செமீ. செங்குத்தாகவும் ஒரு கோடு போட்டு அளந்து பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் படம் எங்கேயோ இழுபடுகிறது என்று அர்த்தம்.

இந்த ஓர் எண்ணை வைத்துப் 'பேரலை'யைக் கணக்குப் போட்டால் 1368 × 928 பிக்சல். திரைக்குள் தாராளமாக அடங்குகிறது. வெர்மீரின் 'பால்காரி' 45.5 × 41 செமீ. 30 செமீ உயரத் திரையில் அது நுழையாது. டர்னர், ரெம்பிராண்ட் ஆகியோரின் பெரிய கேன்வாஸ் எதுவும் நுழையாது. எனவே இந்தச் சட்டகம் சின்னப் படங்களுக்கானது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது: மர அச்சுகள், செப்புத்தகடு அச்சுகள், முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள், கோட்டோவியங்கள், நீர்வண்ணங்கள். அதில் எனக்குக் குறை இல்லை. பெரிய கேன்வாஸ்கள் ஏற்கெனவே போதுமான அளவு காட்டப்படுகின்றன.

எங்கிருந்து எடுப்பது

மெட், 2017 பிப்ரவரியில் பப்ளிக் டொமைன் (பதிப்புரிமை இல்லாத, எல்லோருக்கும் பொதுவான) படைப்புகளின் 3,75,000 படங்களை சிசி ஜீரோ உரிமத்தில் வெளியிட்டது. அதாவது கேட்க வேண்டாம், கட்டணம் இல்லை, விற்கும் பொருளில் அச்சடித்தாலும் பிரச்சினை இல்லை. கிளீவ்லேண்ட் கலை அருங்காட்சியகம் 2019 ஜனவரியில் சுமார் 30,000 படங்களோடு அதையே செய்தது. சிகாகோ கலைக்கழகம் 2018இல். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இவர்களுக்கெல்லாம் முன்னோடி, 2012இலேயே 'ரைக்ஸ்ஸ்டூடியோ' என்ற பெயரில் தொடங்கிவிட்டார்கள். நான் இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் பல உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தகவலைத் தன் போக்கில் எழுதி வைத்திருப்பதால், புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்பது புதிதாக ஒரு பகுதி நிரல் எழுதுவதுதான்.

மெட்டில் முதலில் முழுப் பட்டியலையும் ஒரே சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். 4,70,000க்கும் மேற்பட்ட படைப்புகள், தலைப்பு, கலைஞர், காலம், ஊடகம், அளவு, பப்ளிக் டொமைனா இல்லையா என எல்லாம் இருக்கிறது. படத்தின் முகவரி மட்டும் இல்லை. பட்டியலில் வடிகட்டி எண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் அவர்களுடைய ஏபிஐயை (நிரல் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் வழி) தனியாகக் கேட்டால்தான் பட முகவரி கிடைக்கும். சாவி, பதிவு எதுவும் தேவையில்லை. நொடிக்கு 80 கேள்விகளுக்கு மேல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நான் நொடிக்கு இரண்டு என்று வைத்து, இரவில் ஓடவிட்டுவிட்டேன். அவசரம் என்ன இருக்கிறது?

கவனிக்க வேண்டியது: உரிமை என்பது அருங்காட்சியகத்துக்குப் பொதுவானது அல்ல, பொருளுக்குப் பொருள் வேறு. மெட்டின் ஒவ்வொரு பதிவிலும் பப்ளிக் டொமைனா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு புலம் இருக்கிறது. கிளீவ்லேண்டில் அதே இடத்தில் உரிமத்தின் பெயர் எழுதியிருக்கும். 'ஆம்' என்று இருந்தும் பட முகவரி காலியாக இருக்கும் பதிவுகளும் உண்டு. படைப்புக்கு உரிமைச் சிக்கல் இல்லை, படம்தான் இல்லை. எனவே இரண்டையும் சோதிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்தையும் சேர்க்கலாம் என்றுதான் இருந்தேன். அங்கே படங்கள் வணிக நோக்கமில்லாப் பயன்பாட்டுக்கு மட்டும். வீட்டுச் சுவருக்கு அது போதும். ஆனால் பாதி வேலையில் இருக்கும்போதே நண்பர் ஒருவர் தன் அலுவலக வரவேற்பறைக்கு இதேபோல் ஒன்று கேட்டுவிட்டார். ஒரே நிரலுக்கு இரண்டு பட்டியல் வைத்து, எது எங்கே ஓடலாம் என்று பிரித்துக்கொண்டிருப்பதைவிட, சிசி ஜீரோ மட்டும் என்று வைத்துக்கொள்வது நிம்மதி. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இறந்தவர் வரைந்த தட்டையான ஓவியத்தை நேராக நிறுத்தி எடுத்த புகைப்படத்துக்குப் புதிதாக என்ன உரிமை வந்துவிடப் போகிறது என்பது என் கட்சி. 1999இல் பிரிட்ஜ்மேன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றமும் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமை ஆணையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. இருந்தாலும் சுவரில் மாட்டும் பொருளுக்கு வழக்காடிக்கொண்டிருக்க முடியாது.

அளவு என்ற தலைவலி

மெட்டில் அளவு ஒரு வரியாக இருக்கும்: முதலில் அங்குலத்தில், பின்னத்தோடு, பிறகு அடைப்புக்குறிக்குள் செமீ. உயரம் முதலில், அகலம் பிறகு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் பிடுங்கினால் பாதி வேலை ஆயிற்று. மீதிப் பாதி, அந்த வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கும்போது. செப்புத்தகடு அச்சுகளுக்குத் தகட்டின் அளவு ஒன்று, தாளின் அளவு இன்னொன்று. சிற்றோவியங்களுக்கு ஓவியம் மட்டும் ஓர் அளவு, ஆல்பப் பக்கம் முழுவதும் ஓர் அளவு. ஜப்பானியச் சுருள்களுக்கு ஓவியம், சுற்றியுள்ள துணி, கட்டை எல்லாம் சேர்த்து மூன்று. இதில் புகைப்படத்தில் இருப்பது எது? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பட்டியல் போட்டவர் ஒருவர், படம் எடுத்தவர் வேறொருவர்.

கிளீவ்லேண்டில் அளவுகள் எண்களாகவே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன, சட்டத்தோடு, சட்டமில்லாமல் என்று தனித்தனியாக. நல்ல வேலை என்று மகிழ்ந்து ஓடவிட்டால் திரை காலி. அருகில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு புள்ளி. அவர்கள் எழுதியிருப்பது மீட்டரில். 0.203 என்பதை நிரல் செமீ என்று எடுத்துக்கொண்டு ஓர் ஓவியத்தை ஏழெட்டுப் பிக்சலுக்குச் சுருக்கிவிட்டிருந்தது. நூறால் பெருக்கியதும் சரியானது. சிகாகோவில் செமீ, அங்குலம் இரண்டும் தனித்தனிப் புலங்களில் வருகின்றன, அங்கே சிரமம் இல்லை.

எந்த அளவு எந்தப் படத்துக்கு என்பதைக் கண்டுபிடிக்க நான் கையாண்ட வழி விகிதம். பதிவில் உள்ள அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவதும், புகைப்படத்தின் அகல பிக்சலை உயர பிக்சலால் வகுத்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். 'பேரலை'க்கு 37.9ஐ 25.7ஆல் வகுத்தால் 1.475. புகைப்படம் தாளின் ஓரத்தோடு ஒட்டி வெட்டப்பட்டிருந்தால் அதே 1.475 வரும். நான்கு பக்கமும் ஒரு செமீ பின்னணி சேர்ந்து வந்திருந்தால் 39.9க்கு 27.7, அதாவது 1.440. வித்தியாசம் 2.3 சதவீதம். எனவே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒதுக்கி வை என்று நிரலில் எழுதினேன். ஒரு பதிவில் மூன்று அளவுகள் இருந்தால் மூன்றையும் போட்டுப் பார்த்து, எது நெருங்கி வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

இது அருமையாக வேலை செய்தது, சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படங்களைத் தவிர. யோசித்தால் காரணம் எளிது. முழுச் சதுரமான ஒரு படத்தைச் சுற்றிச் சமமாக எவ்வளவு வெள்ளைத் தாள் விட்டாலும் விகிதம் 1தான். ரெம்பிராண்ட் 1630இல் தன் முகத்தையே வியப்பில் வாய் பிளந்ததுபோல் செதுக்கிய ஓர் அச்சு உண்டு, சுமார் 51 × 46 மிமீ. நான்கு பக்கமும் அரை செமீ சேர்ந்து வந்தால் 61 × 56. விகித வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் பிக்சல் கணக்கின் சின்னப் பிழைகளோடு சேர்ந்து தப்பித்துக்கொள்ளும். ஆனால் அளவில் பிழை இருபது சதவீதம். தீர்வாக, விகிதம் 0.85க்கும் 1.18க்கும் இடையில் விழுகிற எதையும் நிரல் தானாக ஏற்காது என்று வைத்தேன். அவை கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

ஒதுக்கப்பட்டவற்றுக்குத் தனியாக ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு படைப்பு: அருங்காட்சியகத்தின் சுருக்கப்பெயர், பொருள் எண், இடது, மேல், வலது, கீழ் ஓரங்கள் பிக்சலில், பிறகு எந்த அளவு பொருந்தும் என்ற குறிப்பு. கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, தகட்டின் அழுத்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்து, நான்கு எண்களைக் குறித்துக்கொள்வது. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். சலிப்பான வேலை என்று நினைத்தேன். ஆனால் தகட்டின் தடம், தாளின் நீர்க்குறி, யாரோ பென்சிலில் எழுதிய எண், மூலையில் சேகரிப்பாளர் முத்திரை எல்லாம் கண்ணில் பட்டது இந்த வேலையில்தான். வேறெப்படியும் நான் ஒரு செப்புத்தகடு அச்சின் ஓரத்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

சில புகைப்படங்களில், முக்கியமாகக் கையெழுத்துப் படிகளில், ஓரத்தில் வண்ணப்பட்டையும் அளவுகோலும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலானோர் அதை அசிங்கம் என்று வெட்டிவிடுவார்கள். எனக்கு அது வரம். அளவுகோலின் 10 செமீ எத்தனை பிக்சல் என்று அளந்தால் போதும், பதிவில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை. எல்லா அருங்காட்சியகங்களும், வெட்டாத படத்தையும் கூடவே கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இறக்குவது, சுருக்குவது

கிளீவ்லேண்ட் ஒவ்வொரு படத்தையும் மூன்று வடிவில் தருகிறது: இணையத்துக்கான சின்ன ஜேபெக், நீளப்பக்கம் 3400 பிக்சல் கொண்ட அச்சு அளவு, முழு டிஃப். ஆர்வக் கோளாறில் டிஃப் கோப்புகளை இறக்கத் தொடங்கி, வட்டு நிரம்புவதைப் பார்த்து நிறுத்தினேன். நிஜ அளவில், 0.277 மிமீ பிக்சலில், இந்தத் திரைக்கு 1920க்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. அச்சு அளவே போதும்.

சிகாகோவின் படங்கள் ட்ரிபிள்-ஐ-எஃப் என்ற பொது முறையில் கிடைக்கின்றன. படத்தின் எந்தப் பகுதி, என்ன அகலம், எத்தனை பாகை சுழற்சி என்பதை முகவரியிலேயே எழுதிக் கேட்டால் சர்வர் வெட்டிக் கொடுக்கும். தேவையான பிக்சலை மிகச் சரியாகக் கேட்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் 843 பிக்சல் அகலத்தைக் கேளுங்கள் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள், அது ஏற்கெனவே தயாராக இருப்பதால். 843 பிக்சல் என் திரையில் 23 செமீ வரும். அதற்குள் அடங்கும் படைப்புகளுக்கு அதையே எடுத்து என் கணினியில் சுருக்கிக்கொள்கிறேன். பெரியதற்கு மட்டும் பெரிய அளவைக் கேட்கிறேன்.

சுருக்கும் வேலை பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தோடு. சட்டகத்தின் பின்னால் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலேயே இதைச் செய்ய முயன்றால் நினைவகம் திணறுகிறது. 10,000 × 8,000 பிக்சல் படம் விரிந்தால் 240 எம்பி. சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் 'இது உன் கணினியைக் கவிழ்க்க அனுப்பிய கோப்பாக இருக்கலாம்' என்று பில்லோ எச்சரிக்கிறது. அருங்காட்சியக டிஃப்களில் அந்த எச்சரிக்கை சர்வசாதாரணம். எல்லாவற்றையும் மடிக்கணினியில் தயாரித்து, 1920 × 1080 அளவில் பின்னணியும் குறிப்பும் சேர்ந்த முழுப்பக்கமாக்கி, அந்தக் கோப்புகளை மட்டும் பைக்கு அனுப்புவது என்று மாற்றிக்கொண்டேன். பை இப்போது வெறும் படம் காட்டும் பெட்டி. அதுதான் சரி. அது பழுதானால் வேறொன்றை மாட்டிவிடலாம், வேலை எல்லாம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது.

நிறம்

முதல் தடவை ஓடியபோது சில படங்கள் சோகை பிடித்ததுபோல் வெளிறி இருந்தன. ஒரே அருங்காட்சியகத்தில் ஒரு படம் பளிச்சென்று, அடுத்தது மங்கல். காரணம், கோப்புக்குள் பதிந்திருக்கும் நிற விவரக்கோப்பு. சில, நிற எல்லை விரிந்த அடோபி ஆர்ஜிபி முறையில் எடுக்கப்பட்டவை. நான் சுருக்கி ஜேபெக்காக மறுபடி சேமித்தபோது அந்த விவரம் கழன்று விழுந்துவிட்டது, எண்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைத் திரை, வழக்கமான எஸ்ஆர்ஜிபி முறை என்று எடுத்துக்கொண்டது. சுருக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் தீர்ந்தது.

நிறம் கெட்ட நகல்கள்தான் ரைக்ஸ்மியூசியத்தையே படங்களைத் திறந்துவிடும் பக்கம் தள்ளின. இணையத்தில் 'பால்காரி'யின் மஞ்சள் பூத்த மோசமான நகல்கள் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தே பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்ட அஞ்சலட்டையைப் பார்த்து இது அசலைப் போல இல்லையே என்றார்களாம். நல்ல படத்தைப் பூட்டி வைத்தால் கெட்ட படம்தான் ஊரைச் சுற்றும் என்று அவர்களுக்குப் புரிந்தது அப்போதுதான். இந்த வேலைக்கு இறங்கியபோது நானும் தேடுபொறியில் கிடைத்த ஒரு 'பேரலை'யைத்தான் சோதனைக்கு வைத்திருந்தேன். மெட்டின் கோப்பைப் பக்கத்தில் வைத்ததும், தேடி எடுத்ததில் தாள் காவி நிறத்துக்கும் நீலம் பச்சைக்கும் போயிருந்தது தெரிந்தது.

கோப்பில் நிறம் சரியானாலும் சுவரில் அது விளம்பரப் பலகை மாதிரி ஒளிர்ந்துகொண்டிருந்தது. தாளில் இருப்பது ஒளிராது. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் தெரியும் வெள்ளையும் தாளும் ஒரே பிரகாசத்துக்கு வரும்வரை குறைத்துக்கொண்டே போனேன். எதிர்பார்த்ததைவிட மிகக் கீழே, நூற்றுக்குப் பதினெட்டில் நின்றது. மாலையில் விளக்கு போட்டதும் மறுபடி அதிகமாகத் தெரிந்தது, ஒன்பதுக்கு இறக்கினேன். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று டிடிசியூடில் என்ற சின்ன நிரல் மூலம் பையே நேரம் பார்த்து மானிட்டரின் பிரகாசத்தை மாற்றுகிறது. நிற வெப்பத்தை ஒரு படி மஞ்சள் பக்கம் தள்ளினேன். பின்னணியைக் கறுப்பாக வைத்தால் மூலைகளில் பின்விளக்கு கசிவது தெரிகிறது. வெளிர் சாம்பலில் அது தெரியவில்லை, படமும் அட்டையில் ஒட்டியதுபோல் உட்காருகிறது. இந்த மூன்று மாற்றங்களும் ஒன்றுசேர்ந்துதான் பொருளை மாற்றின. எந்த நிரல் வேலையும் தராத பலன்.

குறிப்புச்சீட்டு

சிசி ஜீரோவில் பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அருங்காட்சியகத்தின் பெயரும் பொருள் எண்ணும் இல்லாத படம் எனக்கு அனாதை. பிறகு தேட வேண்டுமென்றால் அந்த எண்தான் வழி. கீழ் வலது மூலையில் நான்கு வரி: தலைப்பு, கலைஞர், காலம், அருங்காட்சியகமும் எண்ணும். அளவையும் போட்டிருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அளவு கண்முன்னே இருக்கும்போது எழுதுவானேன்?

தமிழில் எழுதப் போனபோது 'பேரலை' என்பதில் கொம்புகளெல்லாம் இடம் மாறிப் போயின. பில்லோவின் இயல்பான எழுத்தடுக்கும் முறைக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும், பகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் நிற்கும். 'ராக்ம்' என்ற நூலகத்தோடு சேர்த்து நிறுவியிருந்தால் சரியாக வரும். அது இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், 15 பிக்சல் உயரம். அதற்குக் கீழே போனால் 'ண' 'ன' வித்தியாசம் தெரியவில்லை. தலைப்புகளை நானே மொழிபெயர்த்தேன். சுமாராகத்தான் இருக்கும், குறை சொல்லாதீர்கள்.

மரமும் திருகும்

மானிட்டரின் தாங்கியைக் கழற்றினால் பின்னால் 100 × 100 மிமீ இடைவெளியில் நான்கு துளைகள், எம்4 திருகு. துளையின் ஆழம் 10 மிமீ. நடுவில் 6 மிமீ பிளைவுட் பலகை வருவதால் 16 மிமீ நீளத் திருகு. அதைவிட நீளமானதைப் போட்டு இறுக்கினால் உள்ளே பலகத்தைக் குத்தும், ஜாக்கிரதை. முன்பக்கம் 30 மிமீ அகல மரச்சட்டம் மானிட்டரின் பிளாஸ்டிக் விளிம்பை மறைக்கிறது. மேலும் கீழும் 20 மிமீ காற்று போக விட்டிருக்கிறேன். பலகை, சட்டம், பை எல்லாம் சேர்த்து நாலரை கிலோ, சுவரில் இரண்டு ஆணிகள்.

நெடுக்குவாட்டில் மாட்டினால் சிற்றோவியங்களுக்கு வசதி என்று முதலில் திருப்பித்தான் மாட்டினேன். இது பழைய டிஎன் வகைப் பலகம். மேலிருந்து, கீழிருந்து பார்த்தால் நிறம் மாறும் குணம் உள்ளது. திருப்பியதும் அந்த மேல், கீழ் இடமும் வலமுமாகிவிட்டது. நடந்துகொண்டே பார்த்தால் வானம் ஊதாவுக்குப் போய் வருகிறது. கிடைமட்டத்துக்கே திரும்பினேன். ஐபிஎஸ் பலகமாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரம்: முழுப் பிரகாசத்தில் 22 வாட் காட்டிய மீட்டர், இப்போதைய அளவில் பையும் சேர்த்து 15 வாட் காட்டுகிறது. நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஆறேகால் யூனிட். ஆள் நடமாட்டம் இல்லாதபோது அணைக்க ஒரு அசைவு உணரி வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரை விழித்துக்கொள்ள எடுக்கும் மூன்று நொடியும், அப்போது வரும் நிறுவனச் சின்னமும் எரிச்சலாக இருந்ததால் கழற்றிவிட்டேன்.

வந்ததும் வராததும்

'பேரலை' முழு வெற்றி. மெட்டின் பிரதியும் சிகாகோவின் பிரதியும் அடுத்தடுத்து வரும்போது, ஒரே அச்சுக்கட்டையிலிருந்து வந்த இரண்டு தாள்களும் ஒன்றல்ல என்று தெரிகிறது. அகலத்தில் சில மிமீ வித்தியாசம், நீலத்தின் அழுத்தம் வேறு. கிளீவ்லேண்டில் உள்ள 'தூத்தி நாமா' என்ற கிளிக்கதைச் சுவடியின் பக்கங்கள், 1560 வாக்கில் அக்பரின் ஓவியக்கூடத்தில் வரைந்தவை, இன்னும் நன்றாக வந்திருக்கின்றன. ஒரு நோட்டுப்புத்தக அளவுகூட இல்லாத பக்கம், அதில் முகங்கள் கடுகளவு. அந்தக் காலத்து ஆள் இதைக் கையில் பிடித்துக் கிட்டே வைத்துத்தான் பார்த்திருப்பார் என்பது நிஜ அளவில் பார்த்தால்தான் உறைக்கிறது.

தோற்றது செப்புத்தகடு அச்சுகள். ஜெர்மன் ஓவியர் டூரரின் கோடுகள் சில இடங்களில் கால் மிமீ இடைவெளியில் ஓடுகின்றன. என் பிக்சலே 0.277 மிமீ. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூச்சாகவும், சில இடங்களில் அசலில் இல்லாத அலைவரிகளாகவும் தெரிகின்றன. சுருக்கும் முறையை மாற்றி, முன்கூட்டியே லேசாக மங்கலாக்கி, என்னென்னவோ செய்தேன். அலைவரி போனது, கோடு வரவில்லை. இடமே இல்லாத இடத்தில் கோட்டை எப்படி வைப்பது? ரெம்பிராண்டின் அந்தக் குட்டி முகம் 184 × 166 பிக்சலுக்குள் சுருங்கி, வாய் பிளந்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. செப்புத்தகடு அச்சுகளை மொத்தமாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கிம்ப்பில் குறித்து வைத்த அத்தனை ஓரங்களும் இப்போதைக்குச் சும்மா கிடக்கின்றன.

அடுத்த தடவை 27 அங்குல 4கே ஐபிஎஸ் மானிட்டர். பிக்சல் 0.156 மிமீக்கு வந்துவிடும், ரெம்பிராண்டுக்கு 327 பிக்சல் உயரம் கிடைக்கும். 60 செமீ தூரத்திலிருந்து பார்த்தால் கண் பிரிக்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது, அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

கூடவே 'ஜன்னல்' என்று ஒரு வகையும் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது. திரையில் அடங்காத பெரிய ஓவியத்தின் ஒரு பகுதியை மட்டும் நிஜ அளவில் காட்டி, மெதுவாக நகர்த்துவது. கிளீவ்லேண்டில் உள்ள டர்னரின் நாடாளுமன்றத் தீ ஓவியம் 92 × 123.2 செமீ. இப்போதைய திரைக்கே அதன் முழு அகலத்துக்கு 4448 பிக்சல் வேண்டும், எனவே 3400 பிக்சல் அச்சுக் கோப்பு போதாது, டிஃப்தான். ரைக்ஸ்மியூசியம் 2022இல் வெளியிட்ட, ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தின் படம் 717 கிகாபிக்சல், ஒவ்வொரு பிக்சலும் ஓவியத்தில் 5 மைக்ரோமீட்டர். என் திரைப் பிக்சலைவிட 55 மடங்கு நுணுக்கம். அதில் நிஜ அளவு ஜன்னலுக்கு எடுத்த பிறகும் மிச்சம் எக்கச்சக்கம்.

நீங்கள் செய்வதாக இருந்தால் நிரலில் மாற்ற வேண்டியது முதல் வரியில் உள்ள 0.277 மட்டும்தான். ஓவர்ஸ்கேனை அணைத்துவிட்டு அளங்கள்.